மூன்றாம் தறி நடந்த நடை

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். இரண்டு தம்ளர் வெந்நீர் குடித்தேன். ஐந்தேகாலுக்குள் வாசல் பெருக்கி, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டுகள் இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டேன். ஐந்தரைக்குக் குளியல். ஆறு மணிக்கு நான்கு இட்லி, நேற்றைய வேர்க்கடலைச் சட்னி. ஆறு நாற்பதுக்குச் சித்தூர் பேருந்து நிலையத்தில் புத்தூர் வண்டி. சன்னலோர இடம் கிடைத்தது. பையில் காயத்துக்குக் கட்டும் துணி இரண்டு சுருள், ஒரு சிறிய டார்ச்சு, பச்சை அட்டை போட்ட நோட்டு.

புத்தூரில் வேறு பேருந்து மாறி, ஒன்பதரை மணிக்கு முன் நகரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓட்டுகிறார். ஜூன் 22ஆம் தேதி, திருப்பதியில் ஒரு மருத்துவமனையில், அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தக் கால் போனதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று போனேன். மருத்துவமனையில் இருந்த பதினான்கு நாளும், வீட்டுக்கு வந்தபிறகு பத்து நாளும், சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு ஐம்பத்தொரு வயது. சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதுகிறேன். கூழின் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, கொதிகலனில் எத்தனை டிகிரி என்று மணிக்கு ஒருமுறை குறிப்பது என் வேலை. இருபத்தாறு ஆண்டாகக் குறிக்கிறேன். வீட்டிலும் நாட்குறிப்பு உண்டு. திருமணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருக்கிறேன். அண்ணன் என்னை இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

மார்ச் 16ஆம் தேதி திருப்பதியில் சர்க்கரை மருத்துவரிடம் அவரை அழைத்துப் போனேன். தினமும் நடக்க வேண்டும், ராத்திரிச் சோற்றை விட வேண்டும், வெறுங்காலோடு எங்கேயும் போகக் கூடாது என்றார் மருத்துவர். இல்லையென்றால் ஜூலையில் இன்சுலின் ஊசி. திரும்பி வரும் பேருந்திலேயே நான் நோட்டில் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். இடது பக்கம் நான், வலது பக்கம் அண்ணன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இருவரும் தினம் பத்தாயிரம் அடி நடப்பது. வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சி. கடைசியில், ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை, அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுவது. எத்தனையோ முறை மலைக்குப் போயிருக்கிறோம்; எல்லாம் பேருந்தில்தான்.

"கொட்டாயில தறிக்கும் தறிக்கும் நடுவுல நாள் பூரா நடந்துக்கினுதானே கீறேன். அது கணக்குல வராதா?" என்று கேட்டார்.

"வராது. அது வேலை. இது நடை."

"பெரிய ஆபீசரு சொல்லிட்டாங்க," என்றார் பக்கத்து இருக்கைக்காரரிடம்.

அடி எண்ணும் கைப்பட்டைகள் இரண்டு வாங்கினேன். அவருடைய கணக்கு என் கைபேசியிலும் தெரியும்படி செய்தேன். அவருக்கு ஓடும் காலணி ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர், "அவர இட்டுக்கினு வந்துடுங்க மேடம், போட்டுப் பாத்து எடுத்துக்கலாம்," என்றார். வேண்டாம், அளவு எட்டு, எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். எழுதி வைத்திருந்தது உண்மை. பதினைந்து ஆண்டுக்கு முன் அவருக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த நாளில் எழுதியது.

மார்ச் 31 அன்று நகரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு முறை நடந்து காட்டினார். "கல்யாண மாப்ள மாதிரி கீறேனா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"கல்யாணத்துக்கே வார் அறுந்த செருப்பைக் கையில புட்ச்சிக்கினுதான் வந்தீங்க," என்றார் அண்ணி.

"இறுக்குதா அண்ணா?"

"ஒண்ணும் தெர்ல பாப்பா."

'காலணி சரியாக இருக்கிறது' என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். சர்க்கரை பல ஆண்டாகத் தின்ற பாதத்துக்கு இறுக்கமும் தெரியாது, வலியும் தெரியாது என்பதை ஜூன் மாதம் ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் நன்றாகத்தான் தொடங்கியது. ஐந்து மணிக்கு நான் சித்தூர் கல்லூரி மைதானத்தில் சுற்றுவேன். அதே நேரத்தில் அவர் நகரியில் ரயில் நிலையம் வரை போய்த் திரும்புவார். இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசுவோம். நான் எண்களைச் சொல்லி எழுதுவேன். பத்தாயிரம் தாண்டியிருந்தால் கைபேசியில் கைதட்டும் பொம்மை ஒன்றை அவருக்கு அனுப்புவேன். முதல் வாரப் பயிற்சி கயிறு தாண்டுவது. எனக்குப் பதினொன்றுக்கு மேல் வரவில்லை. அவர் பாவு நூல் கட்டும் கயிற்றை எடுத்துத் தாண்டப் போய், அது கொட்டகை விளக்கில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் வாரம் தோப்புக்கரணம், இருபத்தொன்று.

"புள்ளையார் முன்னாலயே மூணுக்கு மேல போட்டதில்ல பாப்பா. உனக்கு இருபத்தொண்ணு போடறன்னா, நீ எந்த சாமி?"

சிரித்தேன். ஆனால் இருபத்தொன்று என்றேன்.

ஏப்ரல் 12 அன்று அவருடைய கணக்கு ஆறாயிரத்து நூற்றுப் பத்து. 'இன்னும் மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு' என்று செய்தி அனுப்பினேன். 16ஆம் தேதி ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. அன்று இரவு பேசும்போது, "கால் ஒரு மாதிரியா கீது பாப்பா," என்றார். என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. என் கணக்கில் பதினோராயிரம் இருந்தது. அன்று வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. "ஊசி போட்டுக்கறியா, நடக்கறியா, நீயே முடிவு பண்ணு," என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் எட்டு மணிக்கு நான் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

19ஆம் தேதி மாலை அவருடைய கணக்கு பத்தாயிரத்து நாற்பது.

அதன்பின் எல்லாம் ஒழுங்காயிற்று. பத்தாயிரத்து இருபது, பத்தாயிரத்து அறுபது, பத்தாயிரத்து முப்பத்தைந்து. காலையில் நடப்பதில்லை, சாயங்காலம் நடக்கிறேன் என்றார். நடையின் வேகத்தையும் கைபேசி காட்டும். நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடி. ஒரு நாளும் கூடவில்லை, குறையவில்லை. என் நடை தொண்ணூறுக்கும் நூற்றுப் பத்துக்கும் இடையே தள்ளாடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 30 அன்று எழுதியிருக்கிறேன்: 'அண்ணனிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கடிகாரம்போல் நடக்கிறார்.'

மே 5 ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நகரிக்குப் போய் மதியம் வரை இருந்தேன். அந்தப் புழுக்கத்திலும் அவர் வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலணி எங்கே என்றேன். கழுவிக் காயவைத்திருப்பதாக அண்ணி சொன்னார். 'வீட்டிலும் காலுறை. நல்ல பழக்கம்' என்று எழுதினேன். பிறகு மாம்பழ சீசன் தொடங்கிவிட்டது. ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டின. எனக்கு ஞாயிறு என்பதே இல்லை.

ஜூன் 19 இரவு அண்ணி கூப்பிட்டார். குளிர்ஜுரம், பேச்சு குழறுகிறது, காலில் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் நான் நேராகத் திருப்பதிக்குப் போய்விட்டேன். அவர்கள் நகரியிலிருந்து காரில் வந்தார்கள். மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "என்னி ரோஜுலு அயிந்தம்மா?" என்று கேட்டார். எத்தனை நாளாக இப்படி என்று அண்ணியைத்தான் கேட்டார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நெல," என்றார். இரண்டு மாதம். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பச்சை நோட்டைக் கையில் வைத்திருந்தேன். மருத்துவரிடம் காட்டலாம் என்று கொண்டுபோயிருந்தேன்.

இரண்டு மாதம் என்றால் காலணி போட்டு நடந்த நாட்கள். காலணியின் ஓரம் சுண்டுவிரலை அறுத்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அதோடு அறுபது நாள் தினம் பத்தாயிரம் அடி நடந்திருக்கிறார், நான் கோபித்துக்கொள்வேன் என்று. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஜூன் 30 அன்று, படியேற வேண்டிய நாளில், மருத்துவமனை மூன்றாவது மாடியில் அவர் படுக்கைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சன்னலில் மலை தெரிந்தது.

"அலிபிரில படி எத்தினி?" என்று கேட்டார்.

"மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது."

"நீயாவது ஏறிட்டு வா. இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போற?"

நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

ஆகவே ஜூலை 14 அன்று நகரிக்குப் போனது இதைச் சொல்லத்தான். கூடத்தில் சன்னலை ஒட்டிக் கட்டில். காலின் மிச்சம் ஒரு தலையணை மேல் இருந்தது. அண்ணி காப்பி கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். தறி ஓட்ட ஆள் கிடைக்காததால் அவரே இரண்டு தறிகளை ஓட்டுகிறார். சத்தம் சுவரில் அதிர்ந்து வந்தது. அந்தச் சத்தம் இருந்ததால்தான் எனக்குப் பேச வந்தது.

"அண்ணா, ஷூ அளவு எட்டுன்னு நான் பழைய நோட்டைப் பாத்து வாங்கினேன். கடைக்காரரு உன்னை இட்டுக்கினு வரச் சொன்னாரு. நான் கேக்கல."

"கடிச்சா வலிக்கணும் பாப்பா. எனக்கே வலிக்கல. உனக்கு எப்டி வலிக்கும்?"

"இன்னொண்ணு கீது. படிக்கறேன், கேளு."

நோட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் ரயில் சீட்டு ஒன்றை அடையாளம் வைத்திருந்தேன். "ஏப்ரல் 16, செவ்வாய். அண்ணன் அடிகள் ஐந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. கால் ஒரு மாதிரி இருக்கிறதாம். பொய்ச் சாக்கு."

அவர் கட்டில் சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பால?" என்றார்.

"அப்பால ரெண்டு நாள் உன்கூடப் பேசல."

"தெரியும். ரெண்டு நாளும் எட்டு மணிக்கு போனை மடியில வெச்சிக்கினு குந்தியிருந்தேன். உங்க அண்ணி கிண்டல் பண்ணா. பொண்ணு பாக்க வரவங்களுக்குக் காத்துக்கினு கீறாருன்னு." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "மூணாம் நாளு பத்தாயிரம் வந்துச்சே, அது எப்டி வந்துச்சுன்னு கேளு," என்றார்.

"நடந்த. அதான் கால் போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"நான் நடக்கல பாப்பா."

எனக்குப் புரியவில்லை.

"கொட்டாய்க்குப் போ. மூணாந்தறியப் பாரு. நானும் உனக்கு ஒண்ணு சொல்லணும்னுதான் கீறேன்."

கொட்டகையில் முதல் தறியும் நான்காவதும் நின்றிருந்தன. இரண்டாவதும் மூன்றாவதும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் தறியின் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார். ஆனால் தறியை நிறுத்தவில்லை. குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சேலையோடு அடித்து நெருக்க ஒரு கட்டை முன்னும் பின்னும் போய் வருமே, அந்தக் கட்டையின் இடது முனையில், வெள்ளைப் பாவு நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நான் வாங்கிக் கொடுத்த கைப்பட்டை கட்டப்பட்டிருந்தது. மின்சக்தி தீர்ந்து முகம் கறுத்திருந்தது. முன்னே போயிற்று, பின்னே வந்தது. முன்னே போயிற்று, பின்னே வந்தது.

அண்ணி தறியை நிறுத்தினார்.

"பத்தாயிரம் ஆனதும் அவுத்துடுவாரு. நீ போன் பண்றதுக்குள்ள. ஜுரம் வந்த அன்னிக்கிதான் அப்டியே வுட்டுட்டாரு. அப்பால யாருக்கு அதுமேல நெனப்பு?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முத நாளு நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்க சிரிச்சோம்மா. புண்ணுக்கு நான்தான் மஞ்சள் வெச்சிக் கட்டினேன். ஆறல, ஆறலன்னு தெரியுது. உனக்கு ஒரு போன் போட்டு சொல்லியிருக்கலாம். அவரு சிரிச்சிக்கினே இருந்தாரு. நானும் சிரிச்சிக்கினு இருந்துட்டேன்."

கத்தரிக்கோல் வாங்கி நூலை நறுக்கி, பட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

"தறி நிமிசத்துக்கு நூத்திப் பதினெட்டு அடிக்குது," என்றார் அண்ணன். "மனுசன் வேகமா நடந்தாலும் அவ்ளோதானாம். நான் எண்ணிப் பாத்துட்டுதான் கட்டினேன். மத்த தறிங்க கொஞ்சம் ஜாஸ்தி. மூணாந்தறிதான் எம்மாதிரி நடை." நான் சிரிப்பேனா என்று பார்த்தார். "தீவாளிக்கு நீ வரசொல்லோ காட்டலாம்னு வெச்சிருந்தோம். நீ சிரிப்பேன்னு நெனச்சேன். புண்ணு ரெண்டு நாளுல ஆறிடும், அப்பால நெஜமாவே நடந்து கணக்க நேர் பண்ணிடலாம்னு பாத்தேன். ஆறல."

நான் நோட்டைப் புரட்டினேன். கை தானாகப் புரட்டியது. மே 9: அண்ணன் இரண்டாயிரத்து நானூறு. அதற்கு நேர் கீழே என் கையெழுத்தில்: 'நகரியில் மதியத்திலிருந்து மின்சாரம் இல்லையாம்.' மே 21: மூவாயிரத்து நூறு. 'மின்வெட்டு.' ஜூன் 3: ஆயிரத்து எழுநூறு. 'காற்றுமழை, கம்பம் சாய்ந்து மின்சாரம் இல்லை.' மூன்று நாளும் இரண்டையும் நானே எழுதியிருக்கிறேன், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஆலையில் கொதிகலன் சூடும் கூழின் இனிப்பும் இப்படி ஒன்றாக இறங்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து மேலாளரிடம் ஓடியிருப்பேன்.

காலில் இருந்த புண்ணை அவர் நடந்து பெரிதாக்கவில்லை. நடக்காமல், மருத்துவரிடமும் போகாமல், இரண்டு மாதம் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தார். நான் சுமந்துகொண்டு வந்த குற்றம் வேறு. இது அதைவிடக் கனமாக இருந்தது.

"நடக்க முடிலன்னு சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னேனே," என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக் காட்டவில்லை. சொன்ன பிறகுதான் அது எங்கே போய்ப் பட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவசரமாக எழுந்திருக்கப் பார்த்து, இல்லாத காலை ஊன்றப் போய், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் தோளைத் தாங்கினேன். அவருடைய உடம்பு வியர்த்திருந்தது. "உன்னச் சொல்லல பாப்பா," என்றார். "நீ எழுதறதப் பாத்தா எனக்கு ஸ்கூலுக்குப் போற மாதிரி கீது. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். எனக்கு தினம் ஒருத்தரு மார்க்கு போட்டு, கைதட்டற பொம்மை அனுப்பறாங்க. அத வுட மனசு வர்ல. அவ்ளோதான்."

நைனா, எங்கள் அப்பா, இறந்த வருடம் அவர் பள்ளியை விட்டுத் தறிக்கு வந்தார். பிறகு நான் கல்லூரி வரை படித்தேன். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்றும் அதை நினைத்துச் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன். அவர் தோளைப் பிடித்தபடியே அழுதேன். அண்ணி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, கொட்டகைக்குத் திரும்பிப் போனார். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது.

மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். அவர் பாதிதான் சாப்பிட்டார். மூன்று மணிக்குத் துணி மாற்றினோம்; தையல் ஆறிவருகிறது, ஒரு முனையில் மட்டும் சிவப்பு. மிச்சமிருக்கும் வலது காலைப் பற்றித் திருப்பதி மருத்துவர் சொல்லி அனுப்பியதை அண்ணி திரும்பச் சொன்னார். தினமும் காலையில் அடிப்பாதத்தையும் விரலிடுக்குகளையும் யாராவது கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு வலிக்காது, அதனால் அவரைக் கேட்கக் கூடாது. கட்டிலுக்குக் குனிந்து பார்க்க அண்ணிக்கு இடுப்பு வளைவதில்லை, கண்ணும் மங்கல். பத்து நாளில் நான்கு நாள்தான் பார்த்தாராம்.

ஐந்தரை மணிக்குப் புத்தூருக்குப் பேருந்து இருந்தது. போகவில்லை. ஆலைக்குத் தொலைபேசி செய்து ஒரு வாரம் விடுப்புச் சொன்னேன். சீசன் நடுவில் நான் இப்படி ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்ததே இல்லை என்றார் மேலாளர். ஆமாம் என்றேன்.

"இங்க தங்கி இன்னா பண்ணப் போற?" என்றார் அண்ணன். "மறுபடி கோடு போட்டு எதனா ஆரம்பிச்சிடாத."

"இல்ல."

"தோப்புக்கரணம் ஒண்ணு மட்டும் மிச்சம். ஒத்தக் கால்ல போடச் சொல்லுவ."

அண்ணி உள்ளிருந்து அதட்டினார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை, ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தேன். எட்டு மணி ஆனபோது இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. நான்கு ஐம்பதுக்கு விழித்தேன். வேறு எதையும் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கி, வலது பாதத்தை மடிமேல் எடுத்து வைத்தேன். எதிர்பார்த்ததைவிட அகலமான பாதம். டார்ச்சைப் பிடித்து, குதிகாலிலிருந்து தொடங்கி, விளிம்பு, அடிப்பாதம், பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தேன். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே கொஞ்சம் ஈரம் இருந்தது. புண் இல்லை. சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தேன். அவர் அசையவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்தேன்.